சிலம்பனேரிக்கு மண் திரும்பிய வருஷம்

சிலம்பனேரியை விட்டுப் போன மண் சிலம்பனேரிக்கே திரும்பி வர ஆரம்பித்தது ஒரு ஆடிச் செவ்வாய்க்கிழமை காலையில். பள்ளமாகிப்போன தன் வயலில் நட்டிருந்த நாற்பத்தேழு கன்றுகளுக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டு ஆவுடைத்தாய் நிமிர்ந்தபோது, மேற்கே தார்ச்சாலையைத் தாண்டி, ஒரு விரல் தடிமனில், செக்கச் செவேல் என்று ஒரு மண்கோடு எறும்புச்சாரி மாதிரி ஊர்ந்து வந்தது. வரப்பில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, முதல் வரிசை வேப்பங்கன்றின் தூரில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் அலறவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மண் போன கதையைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. செங்கல் சூளை வைத்திருந்த தளவாய் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் வந்து, ஆலமரத்தடியில் பதினோரு சிறு விவசாயிகளையும் உட்கார வைத்து, "உங்க வயலெல்லாம் மேடு. குளத்து மடையத் தொறந்தா தண்ணி எட்டிப் பாத்துட்டு அப்படியே கீழ போயிருது. மேல ஒரு மண்வெட்டிக் காம்பு ஆழத்துக்கு மண்ண நான் எடுத்துக்கிடுதேன். வயலு தாழ்ந்துரும், தண்ணி தன்னால வந்து பாயும்" என்றார். பேச்சில் பொய் இல்லை, மேட்டு வயலில் தண்ணீர் ஏறாதுதான். சிலம்பனேரிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாளைக்கு நீளமான காம்பைக் கொண்டுவந்து ஏமாற்றிவிடக் கூடாது என்று, அந்த மண்வெட்டிக் காம்பில் சூடு போட்டு அடையாளம் வைத்து, அம்மன் கோயில் அறையில் பூட்டி, ஒவ்வொரு வருஷமும் மண் எடுக்கிற நாளில் நாலு பேர் கூடி அதே காம்புதானா என்று தடவித் தடவிப் பார்த்தார்கள். அதே காம்புதான். நூல் அளவுகூடக் கூடவில்லை. அந்தக் காம்பை எந்தத் தரையில் ஊன்றி அளக்கிறார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. போன வருஷம் வெட்டிய தரையில் ஊன்றி இந்த வருஷம் ஒரு காம்பு, இந்த வருஷத் தரையில் ஊன்றி மறு வருஷம் ஒரு காம்பு என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவது வருஷம் சுக்கான் பாறை வெள்ளையாகப் பல்லை இளித்தபோது, வயல் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளமாகிக் கிடந்தது. மடைத் தண்ணீர் வரத்தான் செய்தது. வந்து, வெளியே போக வழியில்லாமல் நின்று, பாசி பிடித்து, கொசு வளர்த்தது. பிறகு அதையும் அடைத்தார்கள். பாறையில் புல்கூட முளைக்கவில்லை.

ஆவுடைத்தாயின் புருஷன் கொம்பையா, வயல் போனபின் அதே சூளையில் கல் அறுக்கப் போனார். தன் வயலைத் தானே மிதித்துக் குழைத்து, தானே அச்சில் அடித்து, தானே வெயிலில் காயப்போட்டார். பொழுது சாய வீட்டுக்கு வந்தால் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஆவுட, இன்னைக்கு நம்ம கெழக்கு மூலை மண்ணு வந்துச்சு. மோந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்பார். அன்றைக்குச் சோறு இறங்காது. நாலு வருஷம் சூளைத் தூசியைக் குடித்து, நெஞ்சு பழுதாகி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். துட்டி கேட்க வந்த தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பிடாதி கல்யாணத்துக்கு என்னால ஆனது" என்று அந்தப் பெண்பிள்ளை குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளும்படி இரண்டு லாரி செங்கல் இறக்கிவிட்டுப் போனார். ஆவுடைத்தாய் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள், ஒரே மகள். ஆனால் லாரி திரும்பிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இவன் வீடு இடிந்து விழுவதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மரம் நடச் சொன்னவர் ஏசுவடியான். பாழாய்ப்போன நிலங்களில் மரம் வைக்கச் சிறு விவசாயிகளுக்குக் கன்று கொடுக்கிற ஒரு சங்கத்தின் ஆள் அவர். வேம்பு, புங்கு, வாகை, நாவல் என்று வண்டி நிறையக் கொண்டுவந்து, "வேரு பாறைய ஒடைக்கும்மா. எல உதிர்ந்து மக்கி மண்ணாவும். உங்க காலத்துல ஒரு சாண் மண்ணு சேரும். பேரப்பிள்ள காலத்துல உளுந்து போடலாம்" என்றார்.

"அம்புட்டுப் பொறும எனக்குக் கெடையாது சார்" என்றாள் ஆவுடைத்தாய். ஆனாலும் கன்றுகளை வாங்கிக்கொண்டாள்.

குழியில் ஈரம் நிற்க அடியில் ஓட்டாஞ்சில்லோ செங்கல் துண்டோ போடுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் நேரே சூளைக்குப் போய், கழித்துப் போட்ட அரைவேக்காட்டுக் கற்களைப் பொறுக்கி வந்து, கடப்பாரையால் சுக்கானைப் பேர்த்து, குழிக்கு ஒரு கல் வைத்து, அதன்மேல் கன்றை ஊன்றினாள். ஊன்றும்போது ஒவ்வொரு கன்றிடமும் குனிந்து ஒரே பேச்சைச் சொன்னாள். "நல்லா மோந்து பாத்துக்க. இந்த மண்ணு எங்கெங்க இருக்கோ போயிக் கூட்டியா."

கன்றுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அவ்வளவுதான் நடந்தது.

ஆவணி பிறப்பதற்குள் மற்றப் பத்துக் குடும்பங்களும் தங்கள் பள்ளங்களில் கடப்பாரையோடு இறங்கிவிட்டன. எல்லாருமே சூளைக் கல்லைத்தான் குழியில் வைத்தார்கள். பக்கத்து ஊர் மேலச்சாலையில் இருந்தும் அதற்கு அப்பால் டவுனில் இருந்தும் மண்கோடுகள் பகலும் பொழுதும் வந்தபடி இருந்தன. வயல்கள் நாளுக்கு இரண்டு விரல் உயர்ந்தன, மண் ஏற ஏறக் கன்றுகளும் கூடவே மேலேறின. டவுன் பஸ் டிரைவர் மண்கோடு சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கடைசிப் பருக்கை தாண்டும்வரை பீடி குடித்தார். பெண்கள் வாசலில் கோலம் போடும்போது மண் போவதற்கு ஒரு சந்து விட்டுப் போட்டார்கள். கனிம அலுவலகத்து அதிகாரி ஒருத்தர் வந்து, நடைச்சீட்டு இல்லாமல் மண் போகக் கூடாது என்று நடுச்சாலையில் நின்று கையை நீட்டினார். மண் அவருடைய பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போயிற்று. யார் பேரில் வழக்குப் போடுவது என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மண் வந்தது வீட்டுச் சுவர்களில் இருந்துதான். சிலம்பனேரி மண்ணில் அறுத்த கல் எந்தச் சுவரில் இருந்ததோ அந்தச் சுவர் உள்ளுக்குள்ளேயே கரைந்து, பூச்சு மட்டும் வெளியே நிற்க, நாளுக்கு நாள் மெலிந்தது. டவுன்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். "எங்க வீடு கொஞ்சம் மெலிஞ்சிட்டு" என்று காய்ச்சலில் கிடக்கும் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்கள். பனங்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு சிமெண்டுக் கல்லால் புதுச்சுவர் எடுத்துக்கொண்டார்கள். சில பேர், தங்கள் சுவர் எந்த வயல் மண் என்று விசாரித்து, தேங்காய் பழத் தட்டோடு குடும்பமாக வந்து, சம்பந்தி வீட்டுக்கு வந்தமாதிரி வரப்பில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். எட்டு வருஷமாக வாடகைக்குக் குடியிருந்த ஒருத்தர் மட்டும், மெலிவது வீட்டுக்காரன் சுவர்தானே என்று கடைசிவரை சந்தோஷமாகவே இருந்தார்.

புரட்டாசியில் பக்கத்து வயல் ஆடுகள் புகுந்து ஆவுடைத்தாயின் கன்றுகளைக் கட்டையாகக் கடித்துவிட்டுப் போயின. அன்றைக்கே அவள் வயலுக்கு வந்த கோடுகள் எல்லாம் சாலையிலேயே நின்றுவிட்டன. ஏழாம் நாள் தளிர் விட்டபிறகுதான் மறுபடி நகர்ந்தன. கன்றைப் பிடுங்கினால் மண் நின்றுவிடும் என்று ஊருக்கே அப்படித்தான் தெரிந்தது. தளவாய்க்கும் தெரிந்தது.

தளவாயின் வீடு மேலச்சாலையில், மாடி வைத்து, மாடி முகப்பில் இரண்டு சிங்கம் வைத்துக் கட்டியது. கல் முழுக்க ஆவுடைத்தாயின் வயல் மண். வேலை முடிந்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று மைல் நடந்து போய், எதிர்த்த டீக்கடையில் நின்று ஒரு டீயை அரைமணி நேரம் குடித்துக்கொண்டே அந்த வீட்டைப் பார்ப்பாள். தளவாய் ஆணி அடித்தால் ஆணி மறுபக்கம் போய் விழுந்தது. மாடியில் யாராவது தும்மினால் தெருப்பக்கச் சுவர் படபடத்தது. அப்போதெல்லாம் ஆவுடைத்தாய்க்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவளே யாரிடமும் மறைக்கவில்லை. புருஷன் செத்த பிறகு அவள் ருசித்துக் குடித்த டீ அந்த டீதான்.

ஐப்பசி பிறந்ததும் தளவாய் வயலுக்கே வந்துவிட்டார். மழைக்காலம் நெருங்குகிற பயம் முகத்தில் தெரிந்தது. இப்போது பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கவில்லை, இடுப்பளவுதான் பாக்கி.

"ஆவுட, கன்னுகளப் புடுங்கிரு."

"எதுக்கு அண்ணாச்சி? நல்லாத்தான வருது."

"எம் பொண்டாட்டி பிள்ளையெல்லாம் வாசல்ல படுக்காவ. மேல படியேற முடியல, படி ஆடுது. வேணும்னா நானே லாரியில மண்ணு கொண்டாந்து உன் வயல நெரப்பித் தாறேன்."

"யாரு வயலத் தோண்டி எங்க வயல நெரப்புவிய?"

தளவாய் வாகைக் கன்றைப் பார்த்தபடி குரலை இறக்கி, "உம் மக வீடும் எங்கல்லுதான். மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கல" என்றாள் ஆவுடைத்தாய்.

மறக்கவில்லைதான். முதல் மண்கோடு வந்த அன்றைக்கே அவளுக்கு அது தெரியும். முப்பிடாதி மேலச்சாலையிலேயே வடக்குத் தெருவில், லோடு வண்டி ஓட்டும் புருஷன் செல்லத்துரையோடும் எட்டு மாதக் கைப்பிள்ளையோடும் அந்தக் கல் வீட்டில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆவுடைத்தாய் அங்கே போவாள். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவாள், மகள் போட்ட சோற்றைச் சாப்பிடுவாள், மகள் அடுப்படிக்குப் போன நேரம் கதவுக்குப் பின்னால் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். மற்ற வீட்டுச் சுவர்களைப்போல அவ்வளவு வேகமாக அது மெலியவில்லை. கொம்பையா கையால் அறுத்த கல் என்பதால் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொள்வாள். எம்மா, எங்க வீட்டுக் கல்லும் கரையுமா என்று மகள் ஒருநாள் கேட்டபோது, "இது வேற ஊரு மண்ணுல அறுத்த கல்லுட்டி" என்று பச்சைப் பொய் சொன்னாள். உண்மையைச் சொன்னால் மகள் கன்றைப் பிடுங்கச் சொல்வாள். பிடுங்கினால் தளவாய் வீடு நின்றுவிடும். இந்த இரண்டில் எதை முதலில் நினைத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

ஐப்பசி இருபதாம் தேதி நல்ல மத்தியானத்தில், தூறல்கூட இல்லாதபோது, தளவாயின் வீடு விழுந்தது. விழுந்தது என்றும் சொல்ல முடியாது, வேலை செய்து களைத்த ஆள் உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்தது. வீட்டு ஆட்கள் முன்கூட்டியே தெருவுக்கு வந்திருந்தார்கள், ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. இரண்டு சிங்கமும் சிமெண்டு என்பதால் அப்படியே தரையில் வந்து நின்றன. பூச்சு நொறுங்கிய குவியலுக்குள் இருந்து செம்மண் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, சிலம்பனேரியைப் பார்த்துக் கிளம்பியது. டீக்கடையில் ஆவுடைத்தாய் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், ஊரே பார்க்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு மண்கோட்டின் பக்கத்திலேயே மூன்று மைலும் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே அவள் கன்றுகளைப் பிடுங்கியிருக்கலாம். நினைத்தது நடந்துவிட்டது, மகள் சுவரில் இன்னும் மூன்று விரல் கனம் மிச்சம் இருந்தது. ஆனால் வரப்பில் நின்று பார்த்தபோது வயல் இன்னும் முழங்கால் அளவுக்குப் பள்ளம். தளவாயின் தம்பி வீடு வேறு இன்னும் நின்றுகொண்டிருந்தது. நாலு நாள் பொறுப்போம், நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது, விழுகிற மாதிரி தெரிந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்துவிடலாம் என்று நினைத்தாள். பழி தீர்ந்த பிறகும் அவளுக்குப் பசி தீரவில்லை. நாலு நாள் எட்டு நாளாயிற்று, எட்டு பதினைந்தாயிற்று.

கார்த்திகை முதல் வாரத்தில் முப்பிடாதி பிள்ளையைக் கொல்லையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, தொட்டில் கட்டியிருந்த அறையின் பின்சுவர் சரிந்தது. தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சரிந்த இடத்தில் இருந்து மண் எழுந்து, ஈரப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்து நின்றவளின் காலடியைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தது. முப்பிடாதி அதன் பின்னாலேயே நடந்தாள். தெரு தாண்டி, சாலை தாண்டி, பஸ் நின்று வழிவிட, ஈரச்சேலையும் துவட்டாத பிள்ளையுமாக அவள் வந்து சேர்ந்த இடம் அப்பா வயல். மண் வரப்பில் ஏறி உள்ளே போய் முதல் வரிசை வேம்பின் தூரில் படுத்தது. அம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எம்மா, இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

ஆவுடைத்தாய் குடத்தை இறக்கினாள். "மொத நாளே தெரியும்" என்றாள். மகளிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்த. எஞ்சுவத்துல சாஞ்சு உக்காந்து, எங்கையால சோறு வாங்கித் தின்ன."

"விழுறதுக்கு முன்னால ஓடியாந்து கூட்டிட்டு வந்துரலாம்னு இருந்தேம்ட்டி."

"என்னைக்கு விழுவேன்னு சுவரு ஒங்கிட்ட சொல்லிட்டா விழும்?"

ஆவுடைத்தாய் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து மகளிடம் நீட்டினாள். "வெட்டிரு. நாப்பத்தேழையும் வெட்டிரு. மிச்சம் மூணு சுவராவது நிக்கும்." சத்தம் கேட்டுப் பத்துக் குடும்பங்களும் தங்கள் தங்கள் வரப்புகளில் வந்து நின்றன.

முப்பிடாதி அரிவாளை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். முதல் வேம்பின் பக்கத்தில் நின்று, குனிந்து, தூரில் கிடந்த மண்ணை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். பிள்ளையை அந்த மண்ணிலேயே உட்கார வைத்தாள். அது கையை மண்ணில் அடித்து விளையாட ஆரம்பித்தது. வயலை ஒரு சுற்று நடந்து எல்லா மரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள், அரிவாளை வரப்புக்கு வெளியே, சாலைப் பக்கம் வீசினாள்.

"மரம் நிக்கட்டும். மண்ணும் வந்து சேரட்டும்" என்றாள். குரல் உயரவே இல்லை. "இதுல பாதி எங்க அப்பா மண்ணு. பாதி எஞ்சுவரு. ஒன்னோடது இதுல ஒண்ணும் கெடையாது. நீ வரப்பத் தாண்டி வெளிய போ. நானும் எம்பிள்ளையும் இருக்கமட்டும் இதுக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது."

ஆவுடைத்தாய் அடியை எதிர்பார்த்தாள், அழுகையை எதிர்பார்த்தாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுகூட எதிர்பார்த்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும், லாரி போன அன்று தன் மனசுக்குள் பேசியது அதே குரல்தான். துக்கமும், அதன் அடியில் வெட்கமில்லாமல் ஒரு பெருமையும் சேர்ந்து வந்தன. வரப்பைத் தாண்டி வெளியே போனாள்.

மார்கழிக்குள் வயல் சமமாகிவிட்டது. மிச்சம் மூன்று சுவரும் வந்து சேர, செல்லத்துரை மரங்களின் ஓரமாகக் கூரை போட்டான். வரிசைகளுக்கு நடுவே முப்பிடாதி உளுந்து விதைத்தாள். பேரப்பிள்ளை காலத்தில்தான் என்று ஏசுவடியான் சொல்லியிருந்த உளுந்து தையிலேயே பூத்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்து எடுத்துப் போனார். பதினோரு குடும்பத்தின் அடுப்பும் எரிந்தது, ஆடுகளுக்கு வாகைத் தழை கிடைத்தது, கிணறுகளில் ஊற்று எழும்பியது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஊர் தலையிடவில்லை. மண் நடந்து போக வாசலில் சந்து விட்டதுபோல, இதற்கும் ஒரு சந்து விட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆவுடைத்தாய் ஊர்க்கோடி வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றாள்.

மாசியில் ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் அவள் வயல் பக்கம் போனாள். பேத்தி உளுந்துச் செடிகளுக்கு நடுவே தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. நடக்க ஆரம்பித்ததை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் தன்னையறியாமல் ஒரு காலைத் தூக்கி வரப்புக்குள் வைக்கப் போனாள். களை பறித்துக்கொண்டிருந்த முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைத்தாய் காலை எடுத்துக்கொண்டாள்.

சாலையோரம் ஓடைப்பாலத்துக் கட்டையில் தளவாய் உட்கார்ந்திருந்தார். சூளையை மூடிவிட்டார், தம்பி வீடும் விழுந்துபோயிற்று. தன் வீடு வயலாகக் கிடப்பதைப் பார்க்க அவர் தினமும் சாயங்காலம் அங்கே வந்து உட்காருகிறார் என்பது ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

"உன்னையும் உள்ள விடலயா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தாலாவது அவள் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அவர் தோள்துண்டால் கட்டையின் மறுபாதியைத் தட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். இந்த ஆள் பக்கத்தில் உட்காருவதற்குப் பதிலாகச் செத்துப்போகலாம் என்று ஆவுடைத்தாய் நினைத்தாள். ஆனால் வயல் முழுசும், அதில் பிள்ளை நடப்பதும், அந்தக் கட்டையில் இருந்து பார்த்தால் மட்டும்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள்.